பெரிய ஜாடிக்கு எத்தனை பிடி

கொம்பொங் சனாங்,
மாக மாதம், வளர்பிறை ஆறு.

மல்லிஸின் அப்பாவுக்கு யீம் கும்பிட்டு எழுதுவது. நானும் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதில்லை. அங்கே உங்களோடு இருக்கும் சாரெத் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினீர்களாமே? தாய்லாந்திலிருந்து வந்தவன் மூன்று நாள் என் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தான். நேற்றுப் பிடித்துக்கொண்டேன். "அண்ணனுக்கு மரம் அறுக்குற மிஷின்ல வலது கை விரல் நாலும் போயிருச்சு அண்ணி. புண்ணு ஆறிருச்சு. ஆனா ஊருக்கு வரவே மாட்டேங்கிறாரு" என்று அழுதான். நாளைக் காலை மறுபடியும் எல்லைக்குப் போகிறான். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது, எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

இங்கத்திய சேதி. போன பௌர்ணமிக்கு முன்னால் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். உப்பில் ஊறவைத்து வருஷத்துக்கான பிரஹோக் போட, இரண்டு மூட்டை நெல் கொடுத்து ஆறு கூடை மீன் வாங்கினேன். இந்த வருஷம் மீனில் நல்ல கொழுப்பு. பிள்ளைகள் தலை வெட்டிப் போட, நான் கூடைக்குள் இறங்கிக் கொழுப்புப் போக மிதித்தேன். எதிர்வீட்டு பொவ் அக்கா சும்மா இருப்பாளா? "ஒரு வாய் குறைஞ்சாச்சு, சின்ன ஜாடி போதாதாடி?" என்றாள். "எங்க வீட்டுல எந்த வாயும் குறையலக்கா, நீ உன் வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றேன். பெரிய ஜாடியைத்தான் கழுவி வைத்தேன்.

கூடைக்கு மூன்று பிடி உப்பு. பதினான்கு வருஷமாக நீங்கள் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே, எண்ணித்தான் போட்டேன். பத்தாம் நாள் ஜாடிப் பக்கம் போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். பிரஹோக் வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. மூங்கில் தப்பையை விலக்கினால் மேலெல்லாம் புழு. ஒரு வருஷச் சாப்பாடு! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிஸ்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மூணு பிடிங்கிறது அப்பா கைக்கு இல்லையா? உன் கை அதுல பாதிதானே இருக்கு" என்றாள். என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது, சொல்லுங்கள்.

மேலே கெட்டதை அள்ளிக் கொட்டினோம். மீதியைக் கழுவி, பாயில் பரப்பி, காக்கையோடும் நாயோடும் ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டினோம். உப்பு பொவ் அக்கா கொடுத்தாள், ஏச்சும் சேர்த்துத்தான். இந்தத் தடவை கூடைக்கு என் கையால் ஐந்து பிடி, மேலே அரைப் பிடி. இன்று காலை முகர்ந்து பார்த்தேன். சரியான வாடை வந்துவிட்டது. கால் ஜாடி போனாலும் முக்கால் ஜாடி தப்பியது.

நீங்கள் வந்ததும் இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். நேற்றிலிருந்து சிரிப்பு வரவில்லை. அழுகையும் கோபமும் மாறி மாறி வருகிறது.

உழ முடியாது, வலை இழுக்க முடியாது, பெண்டாட்டி உழைப்பில் உட்கார்ந்து தின்பதா என்று சாரெத்திடம் கேட்டீர்களாம். பதினான்கு வருஷம் உங்கள் கை உப்பைத் தின்றேனே, நான் ஒரு நாளாவது வெட்கப்பட்டேனா? உங்களுக்கு மட்டும் என்ன வெட்கம்?

புத்தாண்டுக்குள் பிரஹோக் பக்குவமாகிவிடும். வேலைக்கு ஆள் வேண்டும் என்று உங்களைக் கூப்பிடவில்லை. வேலைக்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நீங்கள் சாப்பிட வாருங்கள். புத்தர் உங்களை வழியில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதச் சிரமப்படுவீர்கள். நீங்களே வந்துவிடுங்கள்.

உங்கள்
யீம்