‘கட்டியாச்சு’ என்று சொல்ல நீ இல்லாத கரை

என் கன்னியம்மாவுக்கு,

நீ போன பிறகு ஏரியில் இரண்டாம் முறையாக இறால் பருவம் வந்திருக்கிறது. மகன் விடியலில் திரும்பிப் படகைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகிறான். அதன்பின் நான் கரைக்குப் போவேன். ஏன் என்று உனக்குத் தெரியும். கயிறு அவிழ்ந்திருக்குமோ என்ற பயம்.

பள்ளியில் பாடம் நடத்திய காலத்திலேயே இந்தப் பயம் உண்டு. கட்டியாச்சா என்று எத்தனை முறை கேட்டாலும் நீ ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. “கட்டியாச்சு வாத்தியாரே. அது எங்க ஓடப்போவுது? உன்ன மாதிரி அதுக்கும் ஊர வுட்டுப் போவத் தெரியாது” என்பாய். கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் மனம் அடங்கும். பிறகு மறுபடி கேட்பேன்.

உனக்கு நெஞ்சு வலித்த அன்று உன்னோடு ஆட்டோவில் ஏறினேன். அன்று மட்டும் கயிற்றைப் பார்க்கவில்லை. அதனால்தான் நீ போனாய் என்றது மனம். படித்தவன் நான். கயிற்றுக்கும் உன் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தேன். மனம் மறுபடி என்னைக் கரைக்கே அனுப்பியது.

போன மழைக்காலத்தில் நான் இழுத்து இழுத்து இறுக்கியதில் கயிறு குட்டையாகிவிட்டது. ஏரியில் நீர் ஏறியபோது படகு மேலே வர முடியாமல் சாய்ந்து தண்ணீர் புகுந்தது.

“நைனா, தண்ணி ஏறி எறங்க கயித்துல கொஞ்சம் தளர்ச்சி வுடணும்னு உனுக்குத் தெரியாதா?” என்று கேட்டான் மகன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டான். பிறகு மீஞ்சூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான்.

சின்னப் பெண்தான். இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயராம். “பயம் வந்தா போய்ப் பாக்காதீங்க ஐயா. அது ஏறும், அப்புறம் தானா இறங்கும். அதுவரைக்கும் உக்காந்திருங்க” என்றார். வீட்டில் யாரிடமாவது உறுதி கேட்பதுண்டா என்றும் கேட்டார்.

கைபேசியைக் காட்டினேன். நீ எனக்கு அனுப்பியதில் மிஞ்சியிருக்கும் ஒரே குரல் பதிவு. ‘கட்டியாச்சு வாத்தியாரே’ என்று தொடங்கும். அதுவரை கேட்டுவிட்டு நிறுத்துவேன். மறுபடி போடுவேன்.

கயிற்றுக்காக அதைப் போடக் கூடாது என்றார். அப்படியானால், நீ அன்போடு சொன்னதெல்லாம் என் நோய்க்குத் தீனியா? அவரிடமே கேட்டுவிட்டேன்.

“அவங்க மேல தப்பில்லீங்க. நீங்க தவிக்கிறதப் பாத்துட்டு யாரால சொல்லாம இருக்க முடியும்?” என்றார்.

நேற்று படகுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டாம் முறை சாகிறாய் என்றது மனம். எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியபின், பயம் மெல்ல வடிந்தது. திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம்தான் உன் குரலைப் போட்டேன். கயிற்றுக்காக இல்லை, உனக்காக. முதல் முறையாக முடிவுவரை கேட்டேன். “வர்றப்ப ஒரு முழம் கனகாம்பரம் வாங்கினு வா. காதுல வுழுந்துச்சா?”

அன்று பூ வாங்கி வந்தேனா, கன்னியம்மா? நினைவில்லை. வெறுங்கையோடு வந்து நின்றேனா? நீ ஏதாவது கேட்டாயா?

மகனிடம் கேட்க மாட்டேன். யாரிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ள மாட்டேன். தெரியாமலே இருக்கப் பழகுகிறேன். நாளை கடைத்தெருவில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி, கரைப்பக்கம் போகாமல், நேராக உன் படத்திடம் வருவேன்.

காதில் விழுந்தது.

உன் வீட்டுக்காரன்