இஃப்ரா திரும்பிப் பார்க்கவில்லை

ஆம்பூர்
12.06.2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றேகால். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் கூப்பிட்டதுமே ஷஹீன் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். தம்பி குரலை வீடே கேட்க வேண்டுமாம். அதனால் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படியுங்கள்.

நம் இஃப்ராவுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தவழ்கிறாள், கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. ஐந்தாம் மாதத்தில் 'ங்கா', 'பூ' என்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தாளே, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகி இப்போது நின்றே போய்விட்டது.

நம் சுவரை ஒட்டித் தோல் ஊறவைக்கிற டிரம் ராவும் பகலும் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுகிறது. இவள் இமைகூட அசைக்காமல் தூங்குகிறாள். வருகிறவர்கள் எல்லாம், "டிரம் பக்கத்துல வளர்ற புள்ள, சத்தம் பழகிடுச்சி. பேஜாரே இல்லாத புள்ள" என்று மெச்சுகிறார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று அக்காவிடம் சொன்னேன். "இரு, இப்பவே பாத்துடலாம்" என்று இவள் முதுகுக்குப் பின்னால் சில்வர் தட்டைத் தரையில் போட்டார். சட்டென்று திரும்பினாள். "பாத்தியா? எங்க வூட்டுப் புள்ளைக்குப் பாம்புக் காதுடி!" என்றார்.

இன்று அவளைக் கட்டில் மெத்தையில் உட்கார வைத்து, பின்னால் நின்று அதே தட்டைக் கரண்டியால் அடித்தேன். மூன்று முறை. திரும்பவில்லை. நேற்று தட்டு விழுந்தபோது அவள் உட்கார்ந்திருந்த தரை அதிர்ந்திருக்கிறது. அதற்குத்தான் திரும்பியிருக்கிறாள். டிரம்மும் அவளுக்கு அப்படித்தானோ மச்சான்? தொட்டில் ஆட்டுகிற மாதிரி?

வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டட்டுமா?

உங்கள்
உமைமா


அடிஸ் அபாபா
15.06.2024

அன்புள்ள உமைமா, வ அலைக்கும் ஸலாம்.

உன் கையெழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் பயமுறுத்திவிட்டாய். விலங்கியல் படித்தவளைக் கட்டினால் தும்மலுக்கும் ஒரு வியாதிப் பேர் வைப்பாள் என்று என் தோஸ்துகள் கல்யாணத்தன்றே சொன்னார்கள்.

பிறந்ததும் அவள் வலது காதில் பாங்கு சொன்னவன் நான். வீறிட்டு அழுதவள் முதல் வரியிலேயே அடங்கிவிட்டாள். காது கேட்காத பிள்ளையா அடங்கும்? தினமும் நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று நீதானே சொல்கிறாய்? நானே மூன்று வயதில்தான் பேசினேனாம். அக்காவைக் கேள்.

இன்னொன்று. அக்கா மகளை வாணியம்பாடியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நின்றாலும் முன்னால் ஒரு ஆம்பூர்க்காரர், பின்னால் ஒரு வாணியம்பாடிக்காரர். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் காது இல்லை என்று பேச்சுக் கிளம்பினால் அந்த இடம் தட்டிப்போகும். டிசம்பரில் லீவு கிடைக்கும். சேர்ந்தே போகலாம். அதுவரை பொறுத்துக்கொள்.

சமீருல்லா


ஆம்பூர்
19.06.2024

மச்சான்,

பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் மாத ஊசிக்காக அட்டை தேடினேன். உங்கள் பீரோவில், சட்டைகளுக்கு அடியில், பிரசவ ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. அதில் கடைசித் தாள், பிறந்த மூன்றாம் நாள் செய்த காதுப் பரிசோதனை. இரண்டு காதுக்கும் நேராக 'ஒரு மாதத்தில் மறுபடி பார்க்கவும்' என்று இருக்கிறது. கீழே, தந்தையிடம் விளக்கிச் சொல்லப்பட்டது என்று எழுதி, உங்கள் கையெழுத்து.

நான் தையலோடு படுத்துக்கிடந்தேன். ஃபைலை வாங்கியவர் நீங்கள். ஒன்பது மாதமாக உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னைத் தும்மலுக்குப் பேர் வைக்கிறவள் என்று எழுதினீர்களே!

பாங்கு சொன்னதும் அடங்கினாள் என்கிறீர்கள். அடங்கியிருப்பாள். உங்கள் மூச்சு அவள் காதில் சூடாகப் பட்டிருக்கும்.

நான் கோபத்தில் எழுதவில்லை. இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உமைமா


அடிஸ் அபாபா
20.06.2024

உமைமா,

நர்ஸ் சொன்னது இதுதான்: பிறந்த புதிதில் காதில் தண்ணீர் இருக்கும், நிறையப் பிள்ளைகளுக்கு முதல் தடவை சரியாக வராது, பயப்படாமல் ஒரு மாதம் கழித்துக் கூட்டிவாருங்கள். உனக்கு அப்போது காய்ச்சல். நாற்பது நாள் முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் விசா வந்துவிட்டது. இங்கே வந்தபிறகு, நாளாக ஆக, சொல்ல வாய் வரவில்லை.

வாய்ஸ் மெசேஜ் எதற்கு அனுப்பினேன் என்று நினைக்கிறாய்? நான் வைத்த பரிசோதனை அதுதான். "சிரிச்சா மச்சான்" என்று நீ சொன்னால்தான் அன்றைக்கு எனக்குத் தூக்கம்.

போய்க் காட்டு. அக்காவிடம் மட்டும், பேர்ணாம்பட்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல். அந்த நிச்சயம் முடியும்வரைதான். என்னை மன்னித்துவிடு.

சமீர்


கணியம்பாடி
05.07.2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் அந்தச் சிரிப்பைச் சொல்லிவிடுகிறேன். அது பொய். போனைக் காதில் வைத்தால் பிடுங்கி வாயில் போட்டுக் கடிப்பாள். தூரத்தில் தனியாக இருக்கிற மனிதருக்கு எதற்கு வருத்தம் என்று சிரித்தாள் என்றேன். மறுநாளும் அப்படியே சொல்ல வேண்டியதாயிற்று. நீங்கள் என்னை நம்பியிருக்கிறீர்கள், நான் 'சத்தம் பழகிடுச்சி' என்ற பேச்சை நம்பியிருக்கிறேன். அவளுக்குத்தான் நாள் போய்விட்டது.

பேர்ணாம்பட்டு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளை ஷஹீன் அக்கா கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எம் பொண்ணு நிச்சயம் இருக்குதுடி, கொஞ்ச நாளு..." என்று ஆரம்பித்தவர், இஃப்ரா அவர் முந்தானையைப் பிடித்து எழுந்து நிற்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம், "போறதுன்னா விடியறதுக்குள்ள போ. பஸ்ல சீட்டாவது கெடைக்கும்" என்றார். காலையில் நான் எழுவதற்கு முன்பே பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சி டப்பாவில் வைத்திருந்தார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றது ஆம்பூர்க்காரியேதான். இடுப்பில் மூன்று வயதுப் பையன். பார்த்ததும் முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். அவள், "ஒம்பது மாசத்துலயே கூட்டியாந்துட்டியா? நல்ல வேலை பண்ண. நாங்க பேசுவான் பேசுவான்னு ஒக்காந்துக்கினே இருந்துட்டோம்" என்றாள்.

தூங்க மருந்து கொடுத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்பது மிகவும் கம்மி. முதலில் காதில் மெஷின் மாட்டுவார்கள். சில மாதம் பார்த்து, போதவில்லை என்றால் ஆபரேஷன். நான் அழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரம்மாதான் இரண்டு முறை தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

மெஷின் மாட்டிவிட்டால் மட்டும் போதாதாம். கேட்கிற சத்தம் இன்னதென்று அவளுக்குத் தெரியாது. குழாய்த் தண்ணீர் இது, கதவு இது, அம்மா இது என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். டிரம் வீட்டில் அது நடக்காது. மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், பேச்சு அதில் மூழ்கிவிடும் என்றார்கள். என்னோடு காலேஜில் படித்த லில்லி இங்கே, வேலூரை அடுத்த கணியம்பாடியில், டீச்சராக இருக்கிறாள். அவள் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. நேற்று வந்துவிட்டோம். உங்களிடம் கேட்டுவிட்டு வரவில்லை. கேட்டால் பொறு என்பீர்கள் என்று பயந்தேன்.

பயிற்சி கொடுக்கிற அம்மா, "புள்ளையோட அப்பா எங்கம்மா?" என்றார். வெளிநாட்டில் என்றேன். "மொதல் ஒரு மாசம் ரெண்டு பேரும் உக்காந்து கத்துக்கிட்டா நல்லது. நாள் பூரா பேசணும். ஒருத்தர் ஓஞ்சிட்டா இன்னொருத்தர் பேசணும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வருவார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மெஷின் மாட்டுவது இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்கு. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கே இருப்பேன். டிசம்பர் என்று மட்டும் எழுதாதீர்கள். வருகிறீர்களா, இல்லையா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உமைமா