காளியக்காள் வீட்டு வாசலில்

பங்குனி 9, ஞாயிறு

எங்கள் சாரணியர் குழு இன்று அம்மை குத்துபவரை மலைமேல் உள்ள தேவனூர் நாட்டு ஊர் ஒன்றுக்கு அழைத்துப் போனது. அவரைக் கண்டதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. காளியக்காள் மட்டும் கைக்குழந்தையோடு வாசலில் நின்று, "ஆத்தாளுக்குக் கோவம் வந்துரும் கண்ணு, போயிருங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் குத்த வந்தபோது ஓடி ஒளிந்தவள் நான். இன்று எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அக்கா, மொதல்ல எனக்குக் குத்தட்டும், பாருங்க" என்று கையை நீட்டினேன். வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "ஏனுங்க, இவளுக்கும் குத்துங்க" என்று குழந்தையைக் கொடுத்தாள். அதைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பொழுது சாயும்வரை வரிசை குறையவில்லை. பாடிக்கொண்டே திரும்பினோம்.

குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம் என்றார் அவர். காளியக்காள் பயந்துவிடக் கூடாது. விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.

என் கை விண்விண்ணென்று தெறிக்கிறது. தெறிக்கட்டும்!