வாசலில் மாட்டிய ஜாக்கெட்

அக்டோபர் 9

கடைசி லோடு திராட்சை இன்று வந்து இறங்கியது. சமவெளிக்காரர்கள் அறுவடையை முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் இந்தக் குளிர் மலையின் ஒயின் ஆலையில் எங்களுக்கு வேலையே ஆரம்பம். நிலவறையில் மூன்றாவது தொட்டி என் பொறுப்பு. உச்சிச் சரிவுத் திராட்சை. முதலாளியம்மாவின் பெயரைக் காப்பாற்றும் ரெட் ஒயின் அதிலிருந்துதான் வரவேண்டும். நன்றாக வந்தால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் வழக்கம்போல அறுவடையோடு சரி.

திராட்சைத் தோல்களெல்லாம் மேலே மிதந்து மெத்தை மாதிரி கெட்டியாகிவிடும். கழியால் அழுத்தி உள்ளே தள்ளவேண்டும். காலை, மதியம், சாயங்காலம். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. முழங்கை வரை நாவல்பழ நிறம்.

வீட்டு வாசலில், மேலே போடும் குளிர் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, பின்பக்கமாகப் போய்க் குளித்து, அப்புறம்தான் உள்ளே நுழைவது. இவர் குடியை விட்ட பிறகு நான் போட்ட சட்டம். எத்தனை வருஷம் வாசலில் நின்று இவர் வாயை முகர்ந்து பார்த்திருப்பேன்! இப்போது குடிக்காமலே நாறிக்கொண்டு வருவது நான். சிரிப்பு வருகிறது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

அக்டோபர் 13

தொட்டி புளித்துப் பொங்கவே மாட்டேன் என்கிறது. குளிர். எனக்கும் அப்படித்தான்.

அக்டோபர் 17

ஒருவழியாகப் பொங்க ஆரம்பித்தது. ஆனால் ஏதோ ஒரு வாடை. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. நிலவறைக்குத் தலைவர் மீசை (நேரில் ‘ஐயா’, முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் மீசை) ஜலதோஷத்தில் மூக்கடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இப்போது மண்ணெண்ணெயும் பன்னீரும் ஒன்றுதானாம். என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நல்லா பாத்துக்கிட்டேன் போ.

இரவு சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “மூணாவது தொட்டிக்கு மூச்சு முட்டுது. அடியில வடிச்சு மேலேருந்து ஊத்து. காத்து பட்டா சரியாயிடும்.”

இவரும் அதே நிலவறையில் வேலை பார்த்தவர்தான். மீசைக்கு அடுத்த மூக்கு இவருடையது என்பார்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்பவேண்டியதைத் துப்பாமல் விழுங்கிப் பழகினார், அதுதான் ஆரம்பம். தொட்டியடியில் விழுந்து கிடந்த அன்றோடு வேலை போயிற்று. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

ஜாக்கெட்டை எதற்கு முகர்ந்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

“வாசல்லயே மாட்டி வச்சிருக்கே. மூக்க நான் எங்க கழட்டி மாட்டறது?”

அக்டோபர் 18

சொன்னபடி செய்தேன். மத்தியானத்துக்குள் வாடை போய்விட்டது. மீசை முதுகில் தட்டிக்கொடுத்தார். என் யோசனை என்றே நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

அக்டோபர் 24

நாலைந்து நாளாக வீட்டுக்கு வந்ததும் வாசலில் கையை நீட்டுகிறேன். இவர் என் ஜாக்கெட்டின் கைப்பகுதியை முகர்ந்து பார்த்துச் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் சூடு காட்டு. நாளைக்கு ரொம்ப அழுத்தாதே, கசந்துவிடும். கல்யாணமான புதிதில் இப்படித்தான் பேசிக்கொண்டே இருப்போம். எத்தனை நாளாயிற்று, இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு. உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. லேசாக இருக்கலாமா?

நாத்தனாரிடம் போனில் இதைப் பெருமையாகச் சொன்னேன். “வேணாம் அண்ணி” என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும்!

அக்டோபர் 29

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

விடியற்காலையில் படுக்கையில் இவர் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. ஜாக்கெட் ஆணியில் தொங்க, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் குளிரில், வெறுங்காலோடு. தோள் நடுங்கியது. அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நான் குடிக்கல” என்றார் திரும்பாமல்.

தெரியும் என்றேன். உள்ளே கூட்டி வந்தேன்.

நான்தானே, தினமும் கையை நீட்டியது? எனக்கு வேலை நிலைக்கவேண்டும் என்பதற்காக — இல்லை, பேச்சுத்துணைக்காக — எதற்காகவோ. என்ன மனுஷி நான்.

அக்டோபர் 30

நிலவறையிலேயே குளித்துவிட்டு வந்தேன். பச்சைத் தண்ணீர், பல் கிட்டிப்போய்விட்டது. ஜாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டேன். இவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நவம்பர் 3

இனி பிழிந்து தோலைப் பிரித்தெடுக்கவேண்டும். இன்றா, இன்னும் பொறுப்பதா? தோல் ஊற ஊறத்தான் நிறம் ஏறும், மிஞ்சினால் கசப்பும் ஏறும். மீசைக்கு இன்னும் மூக்கு திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சொல் என்றார். மத்தியானம் வீட்டில் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். வீட்டுக்கு ஜாக்கெட்டைக்கூட எடுத்துப் போகவேண்டாம், ஒரு சின்னத் துணியைத் தொட்டியில் நனைத்து...

துணியை நனைத்தும்விட்டேன். அப்புறம் கழுவிப் போட்டேன்.

கசந்துவிடுமோ என்ற பயத்தில் இன்றே பிழியலாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 26

முதலாளியம்மா என் தொட்டி ஒயினைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடுத்த பக்கம் அவள் விரல் தெரிந்தது. நல்ல லேபிளுக்கு இது ஆகாது, விலை குறைந்ததில் கலந்துவிடலாம் என்றாள். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். குளிர்காலத்துக்கு ஆள் வேண்டாமாம். பாட்டிலில் அடைக்கும்போது கூப்பிடுகிறாளாம்.

இவரிடம் ஆள் குறைக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 11

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் கேட்டார்கள். போகிறேன். காலையில் ஆறு பிள்ளைகளாவது அழுகின்றன. தோள்பட்டை வலி மட்டும் குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 16

பாட்டில் அடைக்கிற வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கலக்கும் முன் மூன்றாவது தொட்டியை ஒரு வாய் ருசி பார்த்துத் துப்பினேன். மெலிசு. நல்ல புளிப்பு. குறை சொல்லவும் ஒன்றும் இல்லை, மெச்சிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. எங்கள் வீடு மாதிரி. வேலையாட்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள். என்னுடையதை மீசையிடம் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் இவர் வேனோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பாதி வழியில், அந்தத் தொட்டி எப்படி வந்தது என்று கேட்டார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக. தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றேன். அவசரப்பட்டுப் பிழிந்திருப்பாய், இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கவேண்டும் என்றார்.

யாரைக் கேட்பது என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வளைவு தாண்டினதும் அவரே சொன்னார்: “நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, மறுநாள் நானே நிலவறைக்குள்ள போயிருப்பேன்.”

பாழாய்ப்போன ஞாபகம், ஜாக்கெட்டை இன்று போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டு வாசலில்தான் கவனித்தேன். இவர் கையை நீட்டினார். தயங்கித் தயங்கிக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய், வாளித் தண்ணீரில் முக்கி, சோப்புத்தூளைக் கொட்டி அலசினார். இருந்த சோப்புத்தூள் அத்தனையும் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்கவேண்டும்.