எந்தக் கடை என்று எங்களைக் கேட்காதே

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், வேண்டியதற்கு மேலேயே நலம், அந்தத் தெம்பில்தான் இவ்வளவு பேச முடிகிறது. நீ நலமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இந்த முறை சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்கிறேன். பிரெட் என்று மட்டும் பதில் எழுதாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். குடும்பக் குரூப்பில் போடாமல் மெயிலில் அனுப்புவது ஏன் என்று உனக்கே தெரியும், மெயில் என்றால் நம் வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள், உன் அப்பாவுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோய் வருஷக் கணக்காகிறது. கிளினிக்கில் என் மேசையில் உட்கார்ந்து தட்டுகிறேன். உள்ளே டாக்டர் யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருக்கிறார், அந்தச் சத்தம் இன்றைக்கு என் மனநிலைக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

உன் அறைத்தோழி நேற்று இங்கே போன் செய்தாள். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் நீ அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. ஆன்ட்டி பதறாதீங்க, இப்ப நல்லாத்தான் இருக்கா, லேப்ல நின்னுட்டிருந்தவ அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா, சர்க்கரைத் தண்ணி குடுத்து எழுப்பினோம் என்றாள். பதறாதீங்க என்று ஆரம்பிக்கிற பேச்சுக்குப் பதறாமல் வேறென்ன செய்வது. ஏம்மா, கையில காசில்லையா அவகிட்ட என்றேன். காசெல்லாம் இருக்கு ஆன்ட்டி, எங்க மளிகை வாங்கறதுன்னு வீட்ல இன்னும் முடிவாகலையாம், அதுவரைக்கும் பிரெட்டே போதுங்கறா என்றாள். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஊசி போட்டு ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர் என்னம்மா ஆச்சு என்று பாதி வாயால் கேட்டார். மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். அவரும் அந்தப் பாதி வாயை வைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, காய்கறின்னா சந்தைதாம்மா என்று கருத்துச் சொன்னார். கருத்தே இல்லாத மனிதர் ஒருவர் எங்கேயாவது இருந்தால் சொல், காலில் விழுந்துவிட்டு வருகிறேன்.

மூன்று கடை, மொத்தமே மூன்று. உன் அறைக்குக் கீழே ஒரு சின்னக் கடை, பஸ் ஏறிப் போனால் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட், காலேஜுக்குப் பின்னால் வாரச் சந்தை. நீயும் நம் வீட்டுப் பிள்ளை ஆயிற்றே, மூன்றையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு எதில் வாங்கட்டும் என்று கேட்டுவிட்டாய். உன்னைச் சொல்லி என்ன, பாத்ரூமுக்கு ஒரு வாளி வாங்குவதற்கே நிறம் நிறமாகப் படம் அனுப்பிவிட்டு, பச்சையா நீலமா என்று அத்தையின் உத்தரவு வரும்வரை கல்லா முன்னால் கால் கடுக்க நிற்கிற குடும்பம் இது. ஒருத்தர் தனியாகப் போய் ஒரு பொருளோடு திரும்பி வந்தால் நம் வீட்டில் அதற்கு வாங்கினது என்று பேர் இல்லை, ஏமாந்தது என்றுதான் பேர். உன் சித்தப்பா கல்யாணத்துக்கு முன்னால் எங்கோ ஒரு பெரிய ஊரில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர், அந்தக் கொஞ்ச நாளை வைத்தே இன்றுவரை பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரிய கடைதான் சரி, பாக்கெட் மேல தேதி இருக்கும், பில்லு இருக்கும், நாளைக்கு ஒண்ணுன்னா போய்ச் சண்டை போடலாம் என்றார். சண்டைக்காகவே மளிகை வாங்குகிறவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். உடனே உன் அத்தை, காயைக் கையால அமுக்கிப் பாக்காம வாங்கறவ என்ன சமைச்சு என்ன, சந்தைக்குத்தான் போகணும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, ஆனா அந்தக் கூட்டத்துல இடிபட்டு பிள்ளை எப்படிப் பையத் தூக்கும் என்று தன் கட்சியிலிருந்து தானே விலகினாள். உன் அப்பா கீழ்க்கடையின் பக்கம் இருந்தார், மழை பெஞ்சாலும் ஓடிப்போய் வாங்கிடலாம் என்றார், அப்புறம் என்ன தோன்றியதோ, உன் போட்டோவை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, அரிசி மூட்டை மேல் ஒரு பூனை தூங்குகிறது என்று கண்டுபிடித்தார். அது பூனையில்ல, கடைக்காரரோட தொப்பி என்றார் சித்தப்பா. பூனையா தொப்பியா என்பதிலேயே ஒரு சாயங்காலம் போனது. அங்கிருந்து பேச்சு நம் வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கின கதைக்குத் தாவி, அத்தை கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே வெளியேறி, அவளைத் தாஜா செய்து திரும்பச் சேர்த்து, அதற்குள் யாருக்கும் நீ கேட்ட கேள்வியே நினைவில் இல்லை. நடுநடுவே நீ, சரி அத்தை, சரி சித்தப்பா, முடிவானதும் சொல்லுங்க என்று போட்டுக்கொண்டிருந்தாய். நான் மட்டும் யோக்கியமா, கொஞ்சம் பொறுடி, அப்பா பாத்துச் சொல்லுவார் என்று எழுதி, கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டேன். அதை இப்போது நினைத்தால் என் மூஞ்சியிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

உன் மேலும் எரிச்சல்தான், மறைப்பானேன். பாலம் கட்டப் படிக்கப் போனவள் நீ. இத்தனை பேர் நடந்தால் இத்தனை வண்டி போனால் தாங்குமா என்று கணக்குப் போடுகிறவள், படியிறங்கி நாலு முட்டை வாங்க வீட்டில் உத்தரவு கேட்பாளா. நாளைக்குப் பாலத்தையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவாயா, உன் அத்தை தூணை அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாளா. சிரிக்காதே, நான் சிரிப்புக்காக எழுதவில்லை. பசி உன்னுடையது, கடை பக்கத்திலேயே இருக்கிறது, பர்ஸ் உன் பையில் இருக்கிறது, அப்படியும் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நீ சுவரில் சாய்ந்திருக்கிறாய் என்றால், சோற்றைவிடப் பெரிய ஒன்றை நாங்கள் உனக்குக் கொடுக்காமலேயே பெட்டி கட்டி அனுப்பிவிட்டோம்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். உன் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா போனில் இருந்தார், ஐயோ அண்ணி, இனிமே தாமதிக்கவே கூடாது, இப்பவே எல்லாரும் உக்காந்து எந்தக் கடைன்னு முடிவு பண்ணிடுவோம் என்றார். போனைக் கட்டிலில் வீசிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்க என்றார் அப்பா. கடைக்கு என்றேன். எந்தக் கடைக்கு என்றார். பதிலுக்குக் கதவைத்தான் சாத்தினேன். தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் காய்கறிக் கடை, நம் குடும்பத்தில் இன்னும் விசாரணையிலேயே இருக்கிறதே, அதற்குள் போனேன். சொன்னால் நம்ப மாட்டாய், தக்காளிக் கூடை முன்னால் போய் நின்றதும் எனக்குக் கை ஓடவில்லை. யாரையாவது கேட்க வேண்டும் போல அரித்தது, வீட்டில் வீசிவிட்டு வந்த போனைத் தேடிப் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். கடைக்காரம்மா, என்னக்கா, தக்காளிய வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா என்று கேட்டாள். பல் ஆஸ்பத்திரியில் எத்தனை பேரை வாயைத் திற என்று அதட்டுகிறவள் நான், என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கைக்கு வந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் கொட்டினால் பாதி கொழகொழவென்று அழுகல். உன் அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார், வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அப்புறம் கத்தியை எடுத்து அழுகின பக்கத்தை அவரே அரிந்து போட்டுவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினார். வதக்கிச் சாப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அதனால் கேள், ஏமாந்தால் ஏமாந்துபோ. புளிச்ச பால் வாங்கு, முற்றின வெண்டைக்காய் வாங்கு, அடுத்த முறை நீயே உஷாராகிவிடுவாய். அரிசி பருப்பு எண்ணெயைத் தேதி பார்த்துப் பெரிய கடையில் மொத்தமாக எடுத்துவிட்டு, காய்க்குச் சந்தை கலைகிற நேரமாகப் போய், அவசரத்துக்குக் கீழ்க்கடைக்காரரிடம் சிரித்த முகமாக இருந்துகொண்டால், பார்த்தாயா, நானும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். புத்தி போகுமா. அந்த வரியைப் படிக்காத மாதிரி விட்டுவிடு. டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், பல் கட்டினவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிறம் பிடிக்கவில்லை என்கிறாராம், வீட்டில் கேட்டுவிட்டு வந்து முடிவு சொல்கிறாராம். நம் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

வயிறு நிறைந்து, கை கால் பலத்தோடு, நினைத்ததைப் படித்து முடித்து நன்றாக இரு. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. இதைப் படித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு, அறைத்தோழிக்கும் சேர்த்துச் சமை, அவளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். போட்டோ எடுக்காதே. எந்தக் கடைக்குப் போனாய் என்று யாரிடமும் சொல்லாதே, என்னிடமும்தான். நான் கேட்பேன், கெஞ்சுவேன், கோபித்துக்கொண்டு போனை வைப்பேன். அப்போதும் சொல்லாதே.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா