டிரம்பெட்டுக்குள் இருந்தது

ஆயுத பூஜை நாள், ராத்திரி.

இரண்டு முறை பல் தேய்த்தாயிற்று. இன்னும் குமட்டுகிறது.

காலையில் புனே பக்கத்துத் தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு திரும்பினால், குழாயடியில் என் பெண்டாட்டி செல்வி, குத்துவிளக்கோடு என் டிரம்பெட்டையும் போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். புளி, தேங்காய் நார்! பித்தளைக்கு மேல் கண்ணாடி மாதிரி இருந்த மெருகுப் பூச்சு முழுக்கக் கீறல். ஓரத்தில் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. எட்டு வருஷமாக நான் ஊதுகிற பேண்டு செட்டில் ஒருத்தனையும் அதைத் தொட விட்டதில்லை நான். என் விரல் பட்ட இடத்தைக்கூட உடனே மெத்தென்ற துணியால் துடைத்துவிடுவேன்.

"அறிவிருக்கா உனக்கு? இதென்ன காமாட்சி விளக்கா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா எட்டிப் பார்த்தாள்.

செல்வி வளைகுழாயைக் கழற்றி, ஊதுகிற பக்கம் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மறுபக்கம் பச்சையாக, கொழகொழவென்று ஏதோ நழுவித் தட்டில் விழுந்தது. சாக்கடை நாற்றம். என் எச்சில்தான், எட்டு வருஷத்து எச்சில். வெளியே அவ்வளவு துடைத்தவன் உள்ளே ஒருநாள்கூடத் தண்ணீர் விட்டதில்லை.

"இதையா தினம் வாயில வச்சு ஊதுனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அவளேதான் அதைக் கழுவித் துடைத்து, பூச்சு போன இடத்தில் சந்தனப் பொட்டு வைத்து, பூஜையில் சாய்த்து வைத்தாள். கத்தினதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வாயைத் திறக்கவே அருவருப்பாக இருந்தது.