யுரேனஸில் நீ நின்றுவிட்டாய்

மஸ்கட்,
தவக்காலம், இரண்டாம் ஞாயிறு.

அன்புத் தங்கை கலைக்கு,

அக்கா ஏஞ்சல் மேரி எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். ஏலாக்குறிச்சி மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முக்காட்டு நிழலில் வைத்திருக்க வேண்டும் என்று இன்று பூசையில் கேட்டுக்கொண்டேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே ஜெர்லின் ஓடிவந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் உன் போன் முக்கால்வாசி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. ஜெயங்கொண்டம் ஆரோக்கியசெல்வம் அண்ணன் லீவில் வருகிறார். அவரிடம் கவரை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். கூடவே கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் இருக்கிறது. பேரீச்சையை அப்பா கண்ணில் காட்டாதே. போன மாதம் சுகர் எவ்வளவு ஏறியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடு.

நான் ஊரிலிருந்து கிளம்பி வந்த பிறகு நீ என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "சாப்ட்டியாக்கா, டூட்டி முடிஞ்சுதாக்கா" என்று கேட்டுவிட்டுப் போனை அவளிடம் கொடுத்துவிடுகிறாய். ஏரிக்கரையில் நான் சொன்ன வார்த்தைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையை என் பக்கத்திலிருந்து நீ ஒருமுறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நானும் ஜெர்லினும் மட்டும் போவதாக இருந்தது. ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் நான் பெற்ற பிள்ளையும் நானும் தனியாக ஒரு கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லை. அரியலூர் ஏரிக்கரையில் சூரியக் குடும்பத்தையே அளவு குறைத்து வைத்திருக்கிறார்கள், போகலாமா என்று அவள்தான் கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் தலை சீவி, நான் வாங்கிவந்த வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், "சின்னம்மா, நீங்க இன்னும் கெளம்பலையா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். நீ வரவில்லை என்றுதான் சொன்னாய். நான்தான் உன்னை வற்புறுத்தினேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபின் வேறு என்ன செய்ய முடியும்?

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், அடுத்து நீ, அதற்கடுத்து நான்.

அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது, கலை. குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கரையின் தொடக்கத்தில் அண்டா அளவுக்கு மஞ்சள் சூரியன். அங்கிருந்து கொஞ்ச தூரத்துக்கு ஒரு கல்தூண், அதன் மேல் சின்னக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு கிரகம். நீயும் உங்கள் அறிவியல் மன்றத்து ஆட்களும் மாதக்கணக்கில் சனிக்கிழமைதோறும் போய் அளந்து நட்டது என்று போனில் சொல்லியிருக்கிறாய். அந்தச் சனிக்கிழமைகளில் ஜெர்லினும் உன்னோடு இருந்தாள் என்பதுதான் அங்கே போன பிறகு எனக்கு உறைத்தது. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எறும்புப் புற்று இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிகிறது. "இங்கதான் சின்னம்மா வழுக்கி வுழுந்தாங்க, இங்கதான் நாங்க புளிச்சோறு சாப்ட்டோம்" என்று எனக்குச் சுற்றிக் காட்டினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காட்டுவதுபோல.

நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, "பாப்பா, இதுதான் நாம இருக்கிற பூமியா? கொத்தமல்லி வெத மாதிரி இருக்கு" என்றேன். அவள் கைதட்டிச் சிரித்தாள். "ஐயோ மம்மி, இது வெள்ளி. பூமி அடுத்தது. அதுக்குப் பக்கத்துல நிலா இருக்கும்." நீ உடனே, "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுடா, யாருக்கும் மாறிப்போகும்" என்று எனக்காகப் பேசினாய். அவள் சிரித்ததுகூட எனக்கு வலிக்கவில்லை. என் பிள்ளையிடம் நீ எனக்குப் பரிந்து பேசும்படி ஆகிவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழன் வரைக்கும் கூட்டம் இருந்தது. சாத்துக்குடி அளவு வியாழனைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். சனிக்கு அப்பால் கரை வெறிச்சென்று கிடந்தது. அடுத்த தூண் கண்ணுக்கே தெரியவில்லை. அங்கேதான் புது ஷூ அவள் குதிகாலைக் கடித்துவிட்டது. அவள் அழ ஆரம்பித்ததும் நான் குனிந்து கையை நீட்டினேன். "வா, மம்மி தூக்கிக்கறேன்" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடியை நான் பார்த்துவிட்டேன், கலை. பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வலிக்குதும்மா" என்றாள்.

சின்னம்மா என்பதில் 'சின்ன' எப்போது போனது? அது தானாகப் போனதா, நீ போகவிட்டாயா? வீட்டில் நான் இருக்கும்போது மூன்று வாரமும் ஒழுங்காகச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாள். அப்படியென்றால் எனக்காக யோசித்து யோசித்துக் கூப்பிட்டிருக்கிறாள். வலி வந்தபோது மறந்துவிட்டாள்.

நீ உன் செருப்பைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாய். அவள் ஷூவை விரலில் மாட்டிக்கொண்டு, கருவேல முள் கிடக்கும் கரையில் வெறுங்காலோடு நடந்தாய். என் செருப்பைப் போட்டுக்கொள் என்றதற்கு, "எனக்குப் பழக்கந்தான்க்கா" என்றாய். அப்போதுதான் எனக்குள் என்னவோ வெடித்துவிட்டது. "பெத்தவ இங்க நிக்கிறேன். நீயே பெத்த மாதிரி பண்ணாத" என்றேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. ஜெர்லின் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நீயோ யுரேனஸ் தூண் வந்ததும் கீழே உட்கார்ந்து, "கால்ல முள்ளு ஏறிருச்சு, நீங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாய். முள் நிஜமாகவே குத்தியதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் கேட்ட தனிமையை நீ எனக்குக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

நெப்டியூனுக்குப் போகும் வழியில் அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை. உன் அத்தானுக்குக் கம்பெனியில் குடும்ப விசாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடமும் சொல்லிவைத்திருக்கிறோம். மே மாதம் முடியும்வரை அந்த இடத்தை வைத்திருப்பார்கள். இதைச் சொல்லத்தான் லீவு போட்டு வந்தேன். உங்கள் இரண்டு பேரையும் வீட்டில் ஒன்றாகப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அவளோ உன் செருப்பை இழுத்து இழுத்து நடந்தாள். நாலு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சின்னம்மா அழுவுறாங்களா மம்மி?" என்றாள். இல்லை என்றேன். "தூரத்துல இருந்து எப்டித் தெரியும்?" என்றாள்.

நெப்டியூன் பக்கத்தில் செந்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த மனிதர் நல்லவர். "அம்மாவும் பொண்ணும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தர்றேன்" என்று என் போனை வாங்கினார். அதற்கு நம் ஜெர்லின் ரொம்ப மரியாதையாக, "எங்க அம்மா அங்க ஒக்காந்திருக்காங்க அங்கிள். அவங்களும் வரட்டும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, "சாரி மம்மி" என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது. அந்த 'சாரி'யை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த மனிதர் சங்கடப்பட்டுப் போனார். நான் சிரித்துச் சமாளித்து, "அது என் தங்கச்சிங்க, அவகிட்டதான் வளர்றா" என்றேன். அவர் படம் எடுத்தார். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி நீ இரண்டு முறை கேட்டாய். நான் அனுப்பவில்லை. அதில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. நீ இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விசா விஷயத்தை நான் எங்கே சொல்வது? அப்படியே திரும்பினோம். உன்னைப் பார்த்ததும் ஓடினாள். திரும்பி வரும் பஸ்ஸில் தலையை உன் மடியிலும் காலை என் மடியிலும் வைத்துத் தூங்கிவிட்டாள். குதிகாலில் கொப்புளம். ஜெயங்கொண்டம் வரும்வரை அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் திருச்சியில் விமானம் ஏறிவிட்டேன்.

நான் உன்மேல் பொறாமைப்படுகிறேன், கலை. கூடப் பிறந்தவளிடம் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அவள் முதல் பல் விழுந்தது உன் கையில். அவள் தயிர்சாதத்துக்குத் தாளிப்புப் போட்டால் சாப்பிட மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தாளித்துவைத்துவிட்டு, அவள் மறைத்து மறைத்துக் கடுகைப் பொறுக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் சாமியார் அவளைக் "கலை டீச்சர் பொண்ணு" என்கிறார். உன்னைப் பெண் கேட்டு வந்த வடுகர்பேட்டை மாப்பிள்ளை வீட்டாரை இவளுக்காக நீ காத்திருக்கச் சொன்னதை ஊரே பெருமையாகப் பேசுகிறது. அதுவும் எனக்குப் பொறாமைதான். நீ விட்டுக்கொடுத்தது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. நான் இங்கே பிரசவ வார்டில் நிற்கிறேன். பிறந்த குழந்தையைத் துடைத்து அதன் தாயின் நெஞ்சில் வைப்பது என் வேலை. அந்த வேலையை முடித்துவிட்டு அறைக்கு வந்து, என் பிள்ளை உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்குக் கையசைப்பதைப் போனில் பார்க்கிறேன். அது யாருக்குத் தெரியும்?

அவளை மே மாதம் இங்கே கூட்டிக்கொள்ளப் போகிறோம். இதை நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். அவள் என் பிள்ளை. இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் அவள் எனக்குக் கிடைக்கவே மாட்டாள். நீ கோபப்பட்டால் படு. அப்பாவிடம் சொல்லி அழுதாலும் அழு. ஆனால் அவளிடம் இதை நான் சொன்னால் வர மாட்டாள். நீ சொன்னால் வருவாள். என் பிள்ளையை என்னிடம் வரச் சொல்லவும் உன் வாய்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இந்தப் பக்கத்தை இரண்டு தடவை கிழித்துப்போட்டேன். நேற்று அத்தானிடமும் பேசிவிட்டேன். உனக்கும் விசிட் விசா எடுக்கிறோம். பள்ளிக்கூட லீவு முழுக்க அவளோடு வந்து இங்கே இரு. அப்பாவைப் பெரியப்பா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், பேசிவிட்டேன். நான் நல்ல மனதோடு கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வீட்டிலும் அவள் உன் பின்னாலேயேதான் சுற்றுவாள். உன் பக்கத்தில்தான் படுப்பாள். வலித்தால் உன்னைத்தான் கூப்பிடுவாள். பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் வா, கலை.

மாதா உன்னைக் கைவிடாமல் நடத்துவாள்.

உன் அக்கா,
ஏஞ்சல் மேரி